பால் எங்கே போகிறது? மேய்ச்சல் குடும்பங்களில் பருவத்தோடு ஏறி இறங்கும் ஊட்டச்சத்து

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி ஆற்றலும் 12, 13 கிராம் புரதமும் தேவை. அந்தக் குழந்தைக்கு அரை லிட்டர் பால் கிடைத்தால் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். புரதம் முழுக்க வந்து மிச்சமும் இருக்கும். ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12 உயிர்ச்சத்து தேவைக்கு மேலேயே கிடைக்கும், எலும்புக்கான சுண்ணாம்புச் சத்தும் பெரும்பகுதி வந்துவிடும். இரும்புச் சத்து மட்டும் பாலில் மிகக் குறைவு.

இந்த அரை லிட்டர் பால் ஆண்டில் சில மாதங்கள் இருக்கும், சில மாதங்கள் இருக்காது. பால் வருவதையும் நிற்பதையும் ஒட்டிக் குழந்தையின் உடம்பு தேறுவதும் மெலிவதுமாக இருக்கும், தாயின் உடம்பும் அப்படியே. மேய்ச்சல் சமூகங்களில் பருவகால ஊட்டச்சத்து மாற்றம் என்று சொல்வது இதைத்தான். பஞ்சம் வந்த ஆண்டில்தான் இது நடக்கும் என்றில்லை. நல்ல ஆண்டிலும் நடக்கும், அளவுதான் குறையும்.

கென்யாவின் வடபகுதியை எடுத்துக்கொள்வோம். துர்கானா, மார்சபிட், சம்புரு, வஜீர், மண்டேரா என்று நாட்டின் பெரும் நிலப்பரப்பு அது. துர்கானாவின் தலைநகரான லொட்வாரில் ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான் பெய்யும். சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 200 மில்லிமீட்டரும் சொன்ன நாளில் வராது. வடகென்யாவில் மார்ச் முதல் மே வரை நெடுமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. இரண்டுக்கும் நடுவே வறட்சி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காலம்தான் நீளமானது. துர்கானா மக்கள் மழைக்காலத்தை அகிபோரோ என்றும் வறண்ட காலத்தை அகாமு என்றும் அழைக்கிறார்கள்.

இந்த மண்ணில் பயிர் வைத்துப் பிழைப்பது பெரும்பாலான இடங்களில் ஆகாத காரியம். முள்மரத் தழையையும் மழைக்குப் பின் ஓரிரு மாதம் தலைகாட்டும் புல்லையும் மனிதன் தின்ன முடியாது. ஆடும் மாடும் ஒட்டகமும் தின்னும், தின்றதைப் பாலாக்கித் தரும். துர்கானா, ரெண்டில்லே, கப்ரா, போரானா, சோமாலி மக்களின் வாழ்க்கை இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. 1980களில் தென் துர்கானாவில் நடந்த நீண்டகால ஆய்வுகளில், நாடோடிக் குடும்பங்களின் ஆண்டு உணவு ஆற்றலில் பாதிக்கு மேல் பாலிலிருந்தே வந்தது தெரிந்தது. நல்ல மழைக்காலத்தில் ஏறத்தாழ முழுச் சாப்பாடும் பால்தான்.

மடிக்கு ஒரு நாட்காட்டி உண்டு

பால் கடையில் இருக்கும் பொருளாகவே நமக்குப் பழகிவிட்டது. அதனால் ஒரு சின்ன உண்மை மறந்துபோகிறது. கன்று ஈனாமல் பால் இல்லை. ஈன வேண்டுமென்றால் சினை பிடிக்க வேண்டும். சினை பிடிக்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் மாட்டின் உடம்பு தேறியிருக்க வேண்டும். உடம்பு தேற மழை பெய்து புல் முளைத்திருக்க வேண்டும்.

ஆட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம், மாட்டுக்கு 9 மாதத்துக்குக் கொஞ்சம் மேல், ஒட்டகத்துக்கு ஏறத்தாழ 13 மாதம். நெடுமழை முடியும் மே, ஜூனில் புல் தின்று தேறிய மாடு சினை பிடித்தால், அடுத்த ஆண்டு நெடுமழை தொடங்கும் நேரத்தில் கன்று போடும். கன்றுக்கும் வீட்டுக்கும் பால் கிடைக்கிற நேரமும் புல் முளைக்கிற நேரமும் ஒன்றாக வந்து சேரும். மேய்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. மாசாய் மக்கள் கிடாயின் வயிற்றுக்குக் கீழே ஒலோர் என்ற தோல் மறைப்பைக் கட்டி, வேண்டாத மாதத்தில் ஆடுகள் சினையாகாமல் தடுத்துவிடுவார்கள். குட்டி போடும் மாதத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளும் வழி அது.

இந்தக் கணக்கின் மறுபக்கம் கொடுமையானது. ஓர் ஆண்டு மழை பொய்த்தால் மெலிந்த மாடுகள் சினை பிடிக்காது. அடுத்த ஆண்டு மழை கொட்டினாலும் கன்று இருக்காது, பாலும் இருக்காது. வெளியிலிருந்து வருபவருக்குப் பச்சைப் பசேல் என்று நிலம் தெரியும். 'மழைதான் பெய்துவிட்டதே, இன்னுமா குழந்தைகள் மெலிந்திருக்கிறார்கள்' என்று கேட்பார். அவர் பார்ப்பது இந்த ஆண்டின் புல். குழந்தையின் உடம்பில் இருப்பது போன ஆண்டின் வறட்சி.

ஒட்டகம் இந்த விஷயத்தில் தனி ரகம். ஒருமுறை ஈன்றால் ஓராண்டுக்கு மேலும் பால் தரும். மாடு வற்றிப்போகும் கடும் வறட்சியிலும் அதன் மடி முற்றிலும் காய்வதில்லை. ஒட்டகப் பாலில் வைட்டமின் சி பசும்பாலைவிடப் பல மடங்கு அதிகம். காயோ கனியோ கண்ணில் படாத பகுதியில் அது சின்ன விஷயமில்லை.

ஒட்டகம் கறப்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். முதலில் கன்றை விடுவார்கள். அது முட்டி முட்டிக் குடித்துத் தாய்க்குப் பால் சுரந்ததும் விலக்கிவிடுவார்கள். கறப்பவர் நின்றபடி ஒரு காலை மடக்கி, தொடை மேல் பாத்திரத்தை வைத்துக் கறப்பார். நான்கு காம்பில் எல்லாவற்றையும் கறந்துவிடுவதில்லை, கன்றுக்கு என்று விட்டுவைப்பார்கள். வறண்ட மாதங்களில் இந்தப் பங்கீடுதான் பெரிய தவிப்பு. குழந்தைக்கு இன்று கூடுதலாகக் கறந்தால் கன்று மெலியும், கன்று செத்தால் தாய் ஒட்டகம் பால் விடாது. கன்றுக்கு விட்டால் குழந்தைக்குப் பாதி வயிறு. தினமும் காலையில் ஒரு குடும்பம் இந்த முடிவை எடுக்கிறது.

பாலை வைத்துக்கொள்ளவும் வழிகள் வைத்திருக்கிறார்கள். எரியும் கொள்ளியைக் குடுவைக்குள் விட்டுக் குலுக்கிப் புகையூட்டி, அந்தப் புகை மணத்தோடு பாலை ஊற்றி மூடுவார்கள். சீக்கிரம் கெடாது. துர்கானாவில் புளித்த பாலையும் காயவைத்த பாலையும் வறண்ட காலத்துக்குச் சேர்த்து வைப்பதுண்டு. கையிருப்பு தீர்ந்தால், உயிரோடு இருக்கும் மாட்டின் கழுத்து நரம்பில் சிறு அம்பால் குத்திக் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாலோடு கலந்து குடிப்பார்கள். மாடு சாகாது, காயம் ஆறிவிடும். பாலில் இல்லாத இரும்புச் சத்து அதில் உண்டு. நமக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கலாம். அந்த மண்ணில் அது பலகாலம் யோசித்துக் கண்ட உணவு.

மந்தை போகும் திசையும் தாய் இருக்கும் இடமும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

போரானாவிலும் கப்ராவிலும் மந்தையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று வீட்டோடு நிற்கும் கறவைகள், அதற்கு வர்ரா என்று பெயர். மற்றது ஃபோரா. கறக்காத மாடுகள், காளைகள், வலுவான ஒட்டகங்கள் எல்லாம் ஃபோராவில் சேர்ந்து, இளைஞர்களோடு தண்ணீரும் மேய்ச்சலும் தேடித் தூரம் போகும். நம் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போட மாதக்கணக்கில் வெளியூர் போவது தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும்.

வறட்சி முற்ற முற்ற வீட்டுப் பக்கம் மேய ஒன்றும் இருக்காது. வர்ராவில் நின்ற கறவைகளையும் ஒவ்வொன்றாக ஃபோராவோடு அனுப்பவேண்டி வரும். அனுப்பாவிட்டால் மாடு செத்துவிடும். வீட்டில் தங்குபவர்கள் யார் என்று பாருங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள். பால் மிக அதிகமாக வேண்டியவர்கள் ஓரிடத்தில், பால் தருபவை வேறிடத்தில். சமூகத்தின் மொத்தப் பால் முழுவதும் வற்றிவிடவில்லை. கொஞ்சம் இருக்கிறது, 50, 100 கிலோமீட்டர் தள்ளி மேய்ப்பர்களின் குடுவையில். தாய் அதைத் தேடி நடக்க முடியாது.

பாலின் இடத்தில் வருவது மக்காச்சோள மாவும் சர்க்கரை போட்ட தேநீரும். ஒரு வயதுக் குழந்தையின் வயிறு ஒரு நேரத்துக்கு 200, 250 மில்லிலிட்டர்தான் கொள்ளும். தண்ணீராகக் கரைத்த மக்காச்சோளக் கஞ்சியை அந்த அளவுக்குக் கொடுத்தால் குழந்தை அழுகையை நிறுத்திவிடும். ஆனால் அதில் ஆற்றல் கொஞ்சம், புரதம் தரம் குறைந்தது, பி12 கிடையாது, இருக்கிற துத்தநாகமும் உடம்பில் சரியாக ஒட்டாது. வயிறு நிறைந்து குழந்தை மெலிவது இப்படித்தான்.

மாவை வாங்க ஆட்டை விற்க வேண்டும். எல்லாரும் ஒரே மாதத்தில் மெலிந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதால் ஆட்டு விலை விழும், மாவு விலை ஏறும். ஒரு வெள்ளாட்டுக்கு எத்தனை கிலோ மக்காச்சோளம் கிடைக்கிறது என்ற கணக்கை அந்தப் பகுதியில் எல்லாரும் கவனிக்கிறார்கள். கென்யாவின் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கைகளில் மழை, தாவரப் பசுமை, பால் அளவு, குழந்தைகளின் கைச்சுற்றளவு ஆகியவற்றோடு இந்தக் கணக்கும் இடம்பெறும். வரிசையாகச் சில மாத அறிக்கைகளைப் படித்தால் ஆடு மெலிவதும் குழந்தை மெலிவதும் பின்னாலும் முன்னாலுமாக நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

ஓரிடத்தில் குடியேறிவிட்டால் தீர்ந்துவிடாதா என்று தோன்றலாம். 1970களின் வறட்சிகளுக்குப் பிறகு ரெண்டில்லே மக்களில் பலர் நிவாரண உணவும் கிணறும் இருந்த கோர் போன்ற ஊர்களை ஒட்டிக் குடியமர்ந்தார்கள். 1990களில் எலியட் ஃப்ராட்கின், எரிக் ராத், மார்த்தா நேதன் ஆகிய ஆய்வாளர்கள் மார்சபிட் பகுதியில் நாடோடிகளாகவே இருந்த குடும்பங்களையும் குடியேறியவர்களையும் ஒப்பிட்டார்கள். நாடோடிக் குழந்தைகள் குடித்த பால் குடியேறிய குழந்தைகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. உயரம், எடை இரண்டிலும் அவர்களே மேல். குடியேறியவர்களுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கிடைத்தன, அதை லேசாக எண்ணக்கூடாது. ஆனால் அவற்றுக்கு விலையாகப் பால் போயிற்று.

தாயின் உடம்பில் எழுதப்படுவது

குழந்தைகளைப் பற்றிப் பேசுகிற அளவு தாய்மாரைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு தாய்க்குச் சரியான சாப்பாடு இல்லாவிட்டாலும் தாய்ப்பால் உடனே நின்றுவிடாது. உடம்பு தன் சேமிப்பைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். துர்கானா பெண்களின் தோலடிக் கொழுப்பை அளந்த ஆய்வுகளில், பால் கொடுக்கும் காலத்தில் அந்தச் சேமிப்பு கரைவதும், அடுத்தடுத்த பிரசவங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பாமல் போவதும் பதிவாகியிருக்கின்றன. வறண்ட காலத்தில் தண்ணீருக்குப் போகும் தூரமும் கூடும். சாப்பாடு குறையும் மாதத்திலேயே நடையும் சுமையும் கூடுகின்றன. கஞ்சி குறைவாக இருந்தால் கடைசியில் சாப்பிடுவது அவள்தான்.

பிறப்பு மாதம்கூடப் பருவத்தின் கையில் இருக்கிறது. பால் லெஸ்லி, பெக்கி ஃப்ரை ஆகியோர் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாடோடித் துர்கானா மக்களின் பிறப்புகளில் பாதிக்கு மேல் மார்ச் முதல் ஜூன் வரையிலான 4 மாதங்களில் நிகழ்ந்தன. பின்னோக்கி 9 மாதம் எண்ணினால் முந்தைய ஆண்டின் நெடுமழையில் பால் குடித்து உடம்பு தேறிய நேரம் வரும். மாட்டுக்குச் சொன்ன அதே கணக்கு. பெண்ணின் உடம்பும் தேறிய பிறகுதான் கருத்தரிக்கிறது.

ஏப்ரலில் பிறந்த குழந்தைக்கு அக்டோபரில் 6 மாதம் ஆகும். தாய்ப்பால் மட்டும் போதாமல் வேறு உணவும் தொடங்கவேண்டிய மாதம் அது. நீண்ட வறட்சி முடியும் நேரம், வீட்டில் பால் அருகிப்போயிருக்கும் நேரமும் அதுதான். எனக்கு இந்த நாட்காட்டியில் மனதை மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

மழை இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறான எண்ணம். முதல் மழையின் குளிரில் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக நிற்கும் ஆடுகள் செத்துவிழும். ஆடுமாடு இறங்கிக் குடித்த குட்டையிலேயே மனிதரும் மொள்வதால் வயிற்றுப்போக்கு வரும், கொசு பெருகி மலேரியா வரும். புல் முளைத்து, கறவை தேறி, பால் வீட்டுக்கு வர இன்னும் வாரக்கணக்கு ஆகும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெலன் யங்கும் அனஸ்தாசியா மார்ஷாக்கும் சாட், சூடான், தென்சூடான் நாடுகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, வறண்ட காலத்தின் முடிவும் மழையின் தொடக்கமும் சேரும் இந்த நேரத்தில்தான் குழந்தைகளின் மெலிவு ஆண்டின் உச்சத்தைத் தொடுவது தெரிந்தது. நிவாரணத் திட்டங்கள் வழக்கமாகக் குறிவைத்ததோ விவசாயிகளின் அறுவடைக்கு முந்தைய பசிக்காலத்தை. உழவரின் நாட்காட்டியை மேய்ப்பர் வீட்டில் மாட்டிவைத்தால் உதவி தாமதமாகத்தான் வந்து சேரும்.

மெலிவை அளக்க எளிய கருவி ஒரு நாடா. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றிப் பார்ப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, கடும் மெலிவு, உடனடிச் சிகிச்சை. 11.5க்கும் 12.5க்கும் நடுவே மஞ்சள். அதற்கு மேல் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அதனால் தாய்மார் கையிலேயே நாடாவைக் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. உயரத்துக்கு ஏற்ற எடையையும் பார்ப்பதுண்டு. ஆனால் மேய்ச்சல் மக்கள் பலரும் நீண்ட கால்களோடு ஒல்லியான உடல்வாகு கொண்டவர்கள் என்பதால் அந்த அளவு மெலிவைக் கூட்டிக் காட்டக்கூடும். ஒரு பகுதியில் 15 சதவீதக் குழந்தைகள் மெலிந்திருந்தால் நெருக்கடி நிலை என்பது உலக வழக்கு. 2011 வறட்சியில் துர்கானாவின் வடகிழக்கில் அது 37.4 சதவீதம்.

ஆட்டுக்குத் தீனி, குழந்தைக்குப் பால்

கடுமையாக மெலிந்த குழந்தைக்கு வேர்க்கடலையும் பால்பொடியும் சேர்த்த சத்துப் பசை உயிர் காக்கும் மருந்து. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மெலிய விட்டு, பிறகு பசை கொடுப்பது என்ன முறை?

எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியில் லிபென், ஷினிலே என்ற இடங்களில் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் 2000களின் இறுதியில் தாய்மாரை உட்காரவைத்துப் பேசின. குழந்தைகள் ஏன் மெலிகிறார்கள் என்று கேட்டதற்கு அவர்கள் வறண்ட காலத்தில் பால் இல்லாமல் போவதைத்தான் காட்டினார்கள். அதைக் கேட்டு ஒரு சோதனை செய்தார்கள். தாயும் குழந்தையும் இருக்கும் இடத்திலேயே சில கறவைகளை நிறுத்தி, அவற்றுக்குத் தீவனம், தண்ணீர், தடுப்பூசி கொடுத்தார்கள். குழந்தைக்கு நேராக ஒன்றும் கொடுக்கவில்லை. அந்தக் கறவைகளின் பால் சிறு குழந்தைகளின் வாய்க்குப் போனது. திட்டம் இல்லாத ஊர்களில் வறட்சி ஏற ஏறக் குழந்தைகள் மெலிந்தார்கள், திட்டம் இருந்த ஊர்களில் அவர்களின் உடல்நிலை இறங்காமல் நின்றது. மெலிந்த பிறகு சிகிச்சை தருவதைவிடச் செலவும் குறைவு. வீட்டில் எந்த ஆட்டை நிறுத்துவது, எந்த மாட்டை ஃபோராவுக்கு அனுப்புவது என்பதை மேய்ச்சல் குடும்பம் பலகாலமாக முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறது. அந்த முடிவுக்கு ஒரு கட்டு வைக்கோலின் துணை கிடைத்தது, அவ்வளவுதான்.

கென்யாவில் வேறு ஏற்பாடுகளும் உண்டு. துர்கானா, மார்சபிட், வஜீர், மண்டேராவில் ஏழைக் குடும்பங்களுக்குத் தொடர்ந்து பணம் தரும் திட்டம் 2000களின் இறுதியில் தொடங்கியது. 2010இல் மார்சபிட்டில் வந்த கால்நடைக் காப்பீடு செயற்கைக்கோள் படத்தில் பசுமை எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்தே இழப்பீடு தருகிறது. மாடு செத்ததை யாரும் நேரில் வந்து எண்ண வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஒரு பருவம் பொய்த்தால் தாங்கும். 2020 அக்டோபரிலிருந்து 2022 டிசம்பர் வரை அடுத்தடுத்து 5 மழைப்பருவங்கள் பொய்த்தன. கென்யாவில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. 2023 தொடக்கத்தில் வறண்ட பகுதிகளில் 5 வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 9.7 லட்சம் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாருமாக 1.4 லட்சம் பெண்களுக்கும் ஊட்டச்சத்துச் சிகிச்சை தேவைப்பட்டது.

2023 மார்ச்சில் மழை வந்தது. அந்த மழையில் ஒரு ஒட்டகக் கன்று பிறந்திருந்தால், பெண்ணாக இருந்து பிழைத்தால், அது வளர்ந்து சினைப்பட்டுத் தன் முதல் கன்றை ஈன 5 வயதாவது ஆகும். அதாவது 2028. அதே மழையில் பிறந்த குழந்தை அப்போது பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்.